பருத்திப்பால் பொட்டலத்தில் ஒரு வரி

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையிலிருந்த பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து பார்த்தார். உள்ளே மெல்லிய காகிதப் பட்டைகளும் மூடி போட்ட சின்னக் குழாய்களும் இருந்தன. “என்னம்மா இது, மருந்தா?” என்றார்.

“பருத்தி விதையைச் சோதிக்கிற பட்டை. மரபணு மாற்றிய விதையா இல்லையா என்று காட்டும்.”

“அதெல்லாம் எப்பவோ மாத்தியாச்சும்மா, போங்க” என்று டப்பாவை மூடிக் கொடுத்துவிட்டார். இருக்கலாம். ஆனால் நான் பார்த்துத்தான் நம்புவேன்.

மலேசியாவில், எங்கள் ஊரான கிள்ளானில் என் தங்கை வாசுகி ஒரு மளிகைக் கடை நடத்துகிறாள். குத்தாலம் பக்கத்தில் ஸ்டெல்லா என்கிற பெண் பருத்திப்பால் பொடி தயாரிப்பதை எப்படியோ கண்டுபிடித்து, முதல் ஆர்டரும் கொடுத்திருந்தாள். வெந்நீரில் கலந்தால் பருத்திப்பால் தயார். மாதிரிக்கு வந்த பொட்டலத்தில் பச்சை இலைப் படத்துக்குக் கீழே ‘மரபணு மாற்றம் இல்லாதது’ என்று பெரிதாக அச்சடித்திருந்தது. வாசுகிக்கு அது பிடித்துப்போயிற்று. எனக்கு உறுத்தியது. இந்தியாவில் விவசாயிகள் பரவலாகப் பயிரிடும் மரபணு மாற்றப் பயிர் பருத்தி ஒன்றுதான் என்பது நான் படித்த செய்தி. நான் பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள். “பொய்யாக இருந்தால் மாட்டிக்கொள்வது ஏற்றுமதி செய்தவளல்ல, விற்ற நீதான்” என்றேன். “அப்படியானால் நீயே போய்ப் பார்த்துவிட்டு வா” என்றாள். கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் தஞ்சாவூரில் தங்கினேன். காலையில் கீழவீதிப் பக்கம் ஓர் உணவகத்தில் பொங்கல் சாப்பிட்டேன். எங்கள் ஊர் வாழையிலைக் கடைப் பொங்கல் இதன் தூரத்து உறவு என்று வேண்டுமானால் சொல்லலாம். இங்கே நெய் கேட்காமலேயே ஊற்றுகிறார்கள். போதும் என்று கையைக் காட்டினால் பரிமாறுபவர் முகம் வாடுகிறது.

அதன் பிறகு இயற்கை அங்காடி ஒன்றுக்குள் நுழைந்தேன். வாங்குவதைவிட வாசிப்பதில்தான் எனக்கு ஆர்வம். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி என்று பழைய அரிசி வகைகள். எல்லாப் பொட்டலத்திலும் ‘மரபணு மாற்றம் இல்லாதது’. அவை உண்மையாகத்தான் இருக்கும். தேனிலும் இருந்தது. கடைசித் தட்டில் இந்துப்பு இருந்தது. அதிலும் அதே வரி, அதே பச்சை இலை. கடைக்காரப் பெண்ணிடம் காட்டி, “உப்புக்கு ஏதம்மா மரபணு?” என்றேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். “இல்லாததத்தானே மேடம் இல்லன்னு போட்டிருக்காங்க?” என்றாள். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் குத்தாலத்துக்கு ரயில் ஏறினேன். எதிர் இருக்கையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் பக்கத்து இருக்கைக்காரரிடம், “இப்ப அரிசியிலயும் ஜீனைத் திருத்திட்டாங்களாம்ல” என்றார்.

ஜன்னலோரம் கொய்யாப்பழத்துக்கு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றுகொண்டிருந்த அம்மாள், “திருத்துனா நல்லதுதானே? எங்க வீட்டு மனுசனைத் திருத்த ஏதாவது கண்டுபிடிச்சா சொல்லுங்க, வரிசையில மொத ஆளா நிக்கிறேன்” என்றார். பெட்டியே சிரித்தது.

அந்த அரிசி வந்தால் சாப்பிடுவீர்களா என்று செய்தித்தாள்காரரைக் கேட்டேன். “ரேஷன்ல போட்டா சாப்பிட்டுத்தானே ஆகணும்? இது இன்ன அரிசின்னு சொல்லிட்டா போடப் போறான்?” அந்த அம்மாள் விடவில்லை. “சொன்னா மட்டும் நீங்க வேணாம்னுட்டு வந்துருவீங்களாக்கும்.” “அது வேற விசயம். நான் வேணாம்னு சொல்றதுக்கு மொதல்ல எனக்குத் தெரியணும்ல?”

இந்த விவாதம் சுவாரஸ்யமாகிக்கொண்டிருந்தபோதுதான் குத்தாலம் எப்போது வரும் என்று கேட்டேன். “குத்தாலமா? அதோ போவுதே!” என்று இருவரும் சேர்ந்து ஜன்னலைக் காட்டினார்கள். நான் ஏறியது அங்கே நிற்காத வண்டி. மயிலாடுதுறையில் இறங்கித் திரும்ப வேண்டியதாயிற்று. கிடைத்த ஆட்டோவில் யூரியா மூட்டைகள் எனக்கு முன்பே இடம் பிடித்திருந்தன. “காலத் தூக்கி மூட்டை மேல வச்சுக்கங்கம்மா, அது ஒண்ணும் கோவிச்சுக்காது” என்றார் ஓட்டுநர். இரண்டு பக்கமும் குறுவை நாற்று, இடையிடையே வெடித்த பருத்தி. நெல்லுக்கு நடுவே வெள்ளைப் பருத்தியை நான் எதிர்பார்க்கவில்லை. தை அறுவடை முடிந்த வயலில் பருத்தி போடுவது இந்தப் பக்கத்தில் சாதாரணமாம்.

ஸ்டெல்லாவின் வீடு மாதா கோயிலுக்குப் பின் தெருவில் இருந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர், ஒரு மகள் உண்டு. பருத்திப்பால் அவர் தாய்வீட்டுப் பானம். இங்கே பருத்தி விளைகிறது, ஆனால் பருத்திப்பால் குடிக்கிற பழக்கம் அவ்வளவு இல்லை என்பதைப் பார்த்து, மாலையில் பேருந்து நிலையத்தில் தள்ளுவண்டி போட ஆரம்பித்தார். பகலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. வாசுகியின் ஆர்டர் உறுதியானதும் அந்த வேலையை விட்டுவிட்டார்.

“லீவு போட்டுப் பண்ணியிருக்கலாம்லன்னு எங்க வீட்டுக்காரர் மஸ்கட்லேருந்து திட்டுறாருக்கா. ரெண்டு படகுல கால வைக்கக் கூடாதுன்னு நாந்தான் விட்டேன்” என்று சொல்லிக்கொண்டே என் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தார். வெல்லம், சுக்கு, ஏலக்காய், மேலே தேங்காய்ப்பூ. கெட்டியாக, தொண்டையில் மெதுவாக இறங்கியது. எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை வேனில் விற்கும் சோயாப்பால் நினைவுக்கு வந்தது. அந்த சோயா எந்த நாட்டில் விளைந்தது, அதன் விதை என்ன விதை என்று இத்தனை வருடத்தில் அந்த வேன்காரரை நான் ஒருமுறையும் கேட்டதில்லை. இங்கே மட்டும் பட்டையோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

கூடத்தில் ஒரு சுவர் முழுவதும் அச்சடித்த வெற்றுப் பைகள் அடுக்கியிருந்தன. அந்த வரியை யார் போடச் சொன்னது என்று கேட்டேன்.

“வாசுகியக்கா போன்ல, அந்த மாதிரி எதுவும் கலக்கலையேன்னு கேட்டாங்க. இல்லக்கான்னேன். மாயவரத்துல டிசைன் பண்ற தம்பிகிட்ட சொன்னேன், அது போட்டுக் குடுத்துச்சு.” அந்தத் தம்பிக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “எல்லாருக்கும் அதைத்தாங்கக்கா போடுறேன். டெம்ப்ளேட்லயே இருக்கு. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் கம்ப்ளெயிண்ட் சொன்னதில்ல” என்றது குரல். என் கைப்பையில் இருந்த உப்புப் பொட்டலத்தின் பிறப்பிடம் தெரிந்துவிட்டது.

“ஆனா என்னுது டெம்ப்ளேட் இல்லக்கா, நெசம்” என்றார் ஸ்டெல்லா. “குமரேசண்ணன் வயல்ல எனக்குன்னு ஒரு மூலை இருக்கு. அது சாதாப் பருத்தி. கண்ணால பாத்திருக்கேன். நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன், பாருங்க.”

வியாழக்கிழமை காலை போனோம். குமரேசன் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் வந்தார். அவர் மனைவி தனலெட்சுமி இடுப்பில் கட்டிய மடிப்பையில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். விதை எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, “கடையிலதாம்மா. பொட்டலம்தான். வேற எங்க விதை இருக்கு?” என்றார் குமரேசன்.

ஸ்டெல்லா பதறாமல் மோட்டார் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். “அந்த மூலையச் சொல்லுங்கண்ணே.”

அந்த மூலையின் கதை நான் இதுவரை எங்கும் படிக்காதது. முன்பெல்லாம் பருத்தி விதைப் பொட்டலத்தோடு ஒரு சின்னப் பொட்டலமும் வருமாம். அது மரபணு மாற்றாத சாதா விதை. வயலைச் சுற்றி ஓரத்தில் அதை விதைக்க வேண்டும். புழுக்கள் அங்கே பிழைத்துக்கொண்டிருந்தால், எல்லாப் புழுவும், புழுவைக் கொல்லும்படி மாற்றிய பருத்திக்குப் பழகிவிடாது என்பது கணக்கு. வயலின் ஓரத்தை வீணாக்க மனமில்லாமல் பெரும்பாலோர் சின்னப் பொட்டலத்தைத் தூக்கி எறிந்தார்கள். குமரேசன் எறியவில்லை. சுற்றி விதைக்கவும் இல்லை. மொத்தமாக ஒரு மூலையில் கொட்டி விதைத்தார்.

“எல்லாத்தையும் நாமளே எடுத்துக்கிட்டா எப்படி? பூச்சிக்குன்னு ஒரு பங்கு குடுத்துருக்கான், அத நாம திங்கக் கூடாதுன்னு விட்டேன். அப்பறம் பாத்தா, பூச்சி திங்கிறதுன்னா மனுசனும் திங்கலாம்தானே? அதனால வீட்டுக்கு மாட்டுக்கெல்லாம் அந்த மூலைக் கொட்டைதான்.” இப்போது இரண்டு விதையையும் ஒரே பொட்டலத்தில் கலந்து விற்கிறார்களாம். அதனால் அவர் மூலையில் விளைந்ததிலிருந்தே விதை எடுத்து வைத்து, வருடா வருடம் அதே இடத்தில் போட்டு வருகிறார்.

ஸ்டெல்லா என்னைப் பெருமையோடு பார்த்தார். நான் மூலையைப் பார்த்தேன். ஒரு பெரிய கூடத்தின் அளவு இருக்கும். ஸ்டெல்லா வீட்டில் அடுக்கியிருந்த பைகளையும் நினைத்துப் பார்த்தேன்.

“இவங்களுக்குக் குடுத்த கொட்டை முழுக்க இந்த மூலையில விளைஞ்சதா?” என்று கேட்டேன்.

தனலெட்சுமி சிரித்துவிட்டார். “இந்த மூலையில விளையறது எங்க வீட்டுத் தலகாணிக்கே பத்தாது!”

குமரேசன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “மொத மூட்டை இதுதாம்மா. சத்தியமா இதுதான். அப்பறம் நீ கேட்டுக்கிட்டே இருந்த. மத்த வயல் பருத்திய அரவைக்குப் போட்டு வாங்குன கொட்டையிலேருந்து அள்ளிக் குடுத்தேன். கொட்டை கொட்டைதானேன்னு…”

“நான் சொன்னேனேண்ணே, மூலைக் கொட்டைதான் வேணும்னு.”

“நீ ருசிக்குக் கேக்குறேன்னு நெனச்சேன்மா.”

கொட்டகை நிழலில் டப்பாவைத் திறந்தேன். வயல் பருத்தியின் கொட்டை ஒன்றை நசுக்கித் தண்ணீரில் கலந்து, பட்டையை நட்டு வைத்தேன். ஒரு கோடு வந்தால் பட்டை வேலை செய்கிறது என்று பொருள். அதற்குக் கீழே இன்னொரு கோடும் வந்தால், புழுவைக் கொல்லும் அந்தப் புரதம் விதையில் இருக்கிறது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

“எங்க மருமக பாத்தாளே, அதே மாதிரியில்ல இருக்கு” என்றார் தனலெட்சுமி. “ரெண்டு கோடு வந்தா உண்டாயிருக்குன்னு அர்த்தம்.”

“சும்மா இருடி” என்றார் குமரேசன். இரண்டு கோடு வந்தது. அழுத்தமாக.

பிறகு மூலைக் கொட்டை. முதலில் ஒரு கோடு. காத்திருந்தோம். இரண்டாவது கோடு பென்சிலால் லேசாகக் கிழித்ததுபோல மெல்ல வந்தது. இன்னொரு செடியிலிருந்து எடுத்துப் பார்த்தேன், அதுவும் அப்படியே. தேனீ எங்கிருந்து எங்கே போகிறதென்று யார் பார்த்தது? இத்தனை வருடத்தில் மூலையும் கலந்துவிட்டிருந்தது. குமரேசன் அந்தப் பட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

திரும்பி வரும்போது ஸ்டெல்லா வாய்க்கால் மதகில் நின்றுவிட்டார். “அப்ப இத்தனை நாளா பஸ் ஸ்டாண்டுல நான் என்னதாங்க்கா ஊத்திக்கிட்டு இருந்தேன்? விஷமா?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தப் புரதம் புழுவின் குடலில்தான் வேலை செய்யும், மனிதக் குடலில் செய்யாது, சாப்பிடலாம் என்று அனுமதி கொடுக்கிறவர்கள் சொல்கிறார்கள். போதுமான காலம் பார்க்கவில்லை, பார்த்தவர்களும் விதை விற்பவர்களைச் சார்ந்தவர்கள் என்று எதிர்க்கிறவர்கள் சொல்கிறார்கள். குடித்ததால் இன்னாருக்கு இன்ன கெடுதல் வந்தது என்று நான் படித்ததில்லை. இன்னொன்றும் சொன்னேன். எந்தப் பருத்திக் கொட்டையிலும், நாட்டுப் பருத்தியானாலும், இயற்கையாகவே ஒரு நச்சு கொஞ்சம் இருக்கிறது. ஊறவைத்துக் காய்ச்சும்போது ஓரளவு அடங்கும் என்கிறார்கள். அதை எந்தப் பொட்டலத்திலும் யாரும் எழுதுவதில்லை.

“ஆறுதல் சொல்றீங்களா, இன்னும் பயமுறுத்துறீங்களாக்கா?” என்றார். இரண்டும் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சந்தேகம் எழுந்தது. காய்ச்சிச் சுண்டவைத்துக் கிளறிய பொடியையும் ஒருமுறை சோதித்தால் என்ன? தண்ணீரில் கரைத்துப் பட்டையை வைத்தேன். ஒரு கோடு வந்தது. எவ்வளவு நேரம் வைத்திருந்தும் அடுத்த கோடு வரவேயில்லை. வேறொரு பையிலிருந்து எடுத்தேன். ஒரே கோடு. நெருப்பில் அந்தப் புரதம் உருமாறிவிட்டது. பட்டைக்கு அதை அடையாளம் தெரியவில்லை. ஆய்வகத்தில் வேறு விதமாகத் தேடினால் ஒருவேளை தெரியலாம்.

வாசுகிக்கு வீடியோவில் காட்டினேன். “ஒரு கோடுதானே? அப்புறம் என்ன, லேபிள் சரியாகத்தானே இருக்கிறது! அனுப்பச் சொல்” என்றாள்.

“விதை மாற்றிய விதைதான், வாசுகி.”

“பொடியில் இல்லையே. வாங்குகிறவன் பொடியைத்தானே குடிக்கப் போகிறான், விதையையா?”

பொட்டலத்தில் எழுத வேண்டியது கடைசியில் உள்ளே இருப்பதையா, எங்கிருந்து வந்தது என்பதையா என்று உலகம் முழுக்க இதே சண்டைதான் நடக்கிறது. ஒரு நாடு ஒரு மாதிரி சொல்கிறது, பக்கத்து நாடு வேறு மாதிரி சொல்கிறது. எங்கள் தொழிற்சாலையில் கலவைக்குள் என்ன போகிறதோ அதைத்தான் எழுதுவோம். ஆனால் ஸ்டெல்லாவின் கூடத்தில் சுவர் உயரத்துக்கு அச்சடித்த பைகள் இருந்தன. விட்டுவந்த வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. பட்டையோ அவர் பக்கம் சாட்சி சொல்கிறது. இன்னது செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

ஸ்டெல்லா அந்த ஒற்றைக் கோட்டுப் பட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, “நாளைக்கு ஒரு நாள் டைம் குடுங்கன்னு வாசுகியக்காட்ட சொல்லுங்க. குடிக்கிறவங்களக் கேட்டுப் பாக்குறேன்” என்றார்.

வெள்ளி மாலை பேருந்து நிலையத்தில் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக வருகிறவர் ஒவ்வொருவரிடமும் ஸ்டெல்லா ஊற்றுவதற்கு முன்பே சொன்னார்: “இது மரபணு மாத்துன பருத்திக்கொட்டைங்க. எனக்கே நேத்துதான் தெரியும். வேணுமா?”

பூக்கட்டுகிற அம்மாள், “எதை மாத்துனா என்ன, சுக்கு போட்டிருக்கேல்ல?” என்று டம்ளரை நீட்டினார். ஒரு பேருந்து ஓட்டுநர், “எனக்கு உன் வெல்லத்தப் பாத்துத்தாம்மா பயம். சுகர் முந்நூறு” என்றபடியே குடித்தார். கல்லூரி மாணவி ஒருத்தி கைபேசியில் ஏதோ தேடிப் படித்துவிட்டு, “சாரிக்கா” என்று போய்விட்டாள். வேட்டிக்காரர் ஒருவர், “நேத்து வரைக்கும் சொல்லாம ஊத்தினியே, அப்ப நல்லாருந்துச்சா?” என்று சத்தம் போட்டார். “தெரியாதுங்க மாமா. தெரிஞ்ச ஒடனே சொல்றேன்” என்றார் ஸ்டெல்லா. அவர் குடிக்காமலே போனார். ஸ்டெல்லாவின் முகம் சிவந்துவிட்டது. அடுத்தவருக்கும் சொன்னார்.

பிறகு ஒரு இளம்பெண், ஐந்தாறு வயது மகளோடு வந்தாள். வழக்கமான வாடிக்கை போல. ஸ்டெல்லா கேட்காமலேயே பார்சலுக்கான காகிதக் கோப்பை இரண்டை எடுத்தார். பழக்கத்தில் ஊற்றிவிட்டு, அப்புறம்தான் சொன்னார். அந்தப் பெண் தன் கோப்பையைக் குடித்தாள். மகளுடையதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“உங்க பொண்ணுக்குக் குடுப்பீங்களாக்கா?”

ஸ்டெல்லா கரண்டியைக் கீழே வைத்தார். “நேத்து ராத்திரி கேட்டா. குடுத்தேன். குடுக்குறப்ப கை யோசிச்சுச்சு. அவ்வளவுதாங்க எனக்குச் சொல்லத் தெரியுது.”

குழந்தை, “அம்மா, குடு” என்று சேலையை இழுத்தது. மயிலாடுதுறைப் பேருந்து கிளம்பிவிட்டது. அந்தப் பெண் கோப்பையைத் திருப்பித் தரவும் இல்லை, குழந்தைக்குக் கொடுக்கவும் இல்லை. ஒரு கையில் மகள், ஒரு கையில் கோப்பை என்று ஓடி ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தபோதும் கோப்பை தளும்பாமல் கையில்தான் இருந்தது.

ஸ்டெல்லா பேருந்து திரும்பி மறையும்வரை பார்த்தார். “போன் போடுங்கக்கா. எழுதித்தான் அனுப்புவேன்னு சொல்லிருங்க. மாத்துன பருத்தின்னு எழுதி. வேணாம்னா விட்டுறச் சொல்லுங்க.”

போட்டேன். சொன்னேன். வாசுகியின் கடையில் கல்லாப் பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது. “அங்கே சொல்லி விற்றாளே, எத்தனை பேர் குடிக்காமல் போனார்கள்?”

“இரண்டு மூன்று பேர். ஒருத்தி இன்னும் முடிவு செய்யவில்லை. கையில் வைத்துக்கொண்டு பேருந்தில் போகிறாள்.”

“எழுதியிருந்தால் பாதிகூட விற்காது, அக்கா.”

“விற்காமலும் போகலாம்.”

“பாதி அனுப்பச் சொல். மீதியைப் பிறகு பார்க்கலாம்.”

பாதி என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். பாதி என்றால் கூடத்தில் இருக்கும் பைகள் வீண், புதிதாக அச்சடிக்க வேண்டும், மஸ்கட்டிலிருந்து இன்னும் திட்டு வரும். அவர் அதையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். கும்பகோணத்திலிருந்து வந்த பேருந்து நின்று, கதவு திறந்தது. இறங்கியவர்களில் ஒருவர் நேராக வண்டிக்கு வந்து, “சூடா ஒண்ணு குடும்மா” என்றார்.

ஸ்டெல்லா டம்ளரைக் கையில் எடுத்தார். ஊற்றவில்லை. “குடுக்குறேங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன்” என்று ஆரம்பித்தார்.